ஒரே அடுப்பு: பினாங்குத் தமிழரின் இல்லறம் கரையேறிய வரலாறு

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் கூறுகிறது. அந்நூற்பாவிற்கு வேறு பொருள் கொண்ட உரையாசிரியரும் உண்டு. அவ்வாதத்தினுள் இன்று புக விரும்பவில்லை. ஆயினும், 1786-இல் பிரான்சிசு லைட் இத்தீவில் பிரித்தானியக் கொடியை ஏற்றியது முதல் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்குக் கரையேறிய தமிழ் ஆடவருள் பெரும்பாலோர் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவர் போலவே வாழ்ந்தனர். மணம் ஊரில், பிழைப்பு இக்கரையில். 1901-ஆம் ஆண்டு மலாயாவில் ஆயிரம் இந்திய ஆடவர்க்கு ஏறத்தாழ 170 மகளிரே இருந்தனர். 1931-இலும் அத்தொகை 500-ஐ எட்டவில்லை. கணவனும் மனைவியும் ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் நிலை இங்கு எவ்வாறு வந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளைக் காண்போம். நீண்ட கூடம்; அதில் வரிசையாகப் பெட்டகங்களும் தாழ்ந்த மேசைகளும். பகலில் வட்டிக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொது. நகரத்தார் வட்டிக்கடையின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்புவர். மனைவி உடன் வருவதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. மணமான மகனையும் மருமகளையும் பெரிய வீட்டுக்குள்ளேயே தனிச் சமையலோடு ‘வேறு வைக்கும்’ வழக்கம் நகரத்தாருடையது. இளந்தம்பதியர் தம் வரவுசெலவைத் தாமே நடத்திப் பழகட்டும் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் இத்துணை நுட்பமாகத் தனிக்குடித்தனத்தை வகுத்த சமூகம் வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அச்சமூகத்தின் ஆடவரே ஆண்டுக்கணக்கில் கிட்டங்கிக் கூடத்தில் துணையின்றி உறங்கினர். வேறு வைத்த அடுப்பின் முன் மனைவி தனியே அமர்ந்திருந்தாள். தண்ணீர்மலையில் 1857-இல் எழுந்த கோயிலின் செழிப்பைப் பாராட்டும்போது, அச்செழிப்பிற்கு அவள் கொடுத்த விலையை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் பலர் இங்குள்ள மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழியினரே ஜாவி பெக்கான் எனப்பட்டனர். ஊரில் ஒரு வீடும் இங்கு ஒரு வீடுமாக வாழ்ந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்வழக்கத்தினின்று விலகி நின்றவர் கடையநல்லூர், தென்காசிப் பகுதி நெசவாளர். தறித்தொழில் நலிந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மனைவி மக்களோடு கப்பலேறினர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியமர்ந்தனர். இடம் நெருக்கடி, ஆடவர் கூலி போதாது. ஆகவே மகளிர் அம்மியில் மசாலா அரைத்து விற்றனர். வறுமையே அவர்களைச் சேர்ந்து வரச் செய்தது என்பர் சிலர். அது பாதி உண்மையே. பசிக்கொடுமையால் கப்பலேறியோர் பிறரும் உளர். அவர்கள் மனைவியரை ஊரிலேயே விட்டு வந்தனர். சேர்ந்து வாழ்வதன் இடர்களை இவர்கள் முழுமையாக ஏற்றனர். அதன் பயனாகப் பிள்ளைகள் தாய்தந்தை இருவரையும் கண்டு வளர்ந்தனர்.

தோட்டங்களின் நிலை வேறு. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகப் பதிந்துகொண்டதுண்டு. ‘டிப்போ திருமணம்’ என்று இகழ்ச்சியாகக் குறிக்கப்பட்டது இதுவே. தனித்து வரும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. மேலும், ஆடவர் பலர் ஓரறையில் நெருங்கிக் கிடந்த லயத்தில் தம்பதியர்க்குத் தனியறை கிடைத்தது. அவ்விணைகளுள் சில முறிந்தன. சில பேரப்பிள்ளைகளைக் கண்டன. இவர்களை ஒழுக்கம் கெட்டவர் என எழுதிய அதிகாரிகளின் குறிப்புகளை மாணவர்கள் ஐயத்தோடு படித்தல் வேண்டும்.

1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்ததோடு கடல்வழி அறுந்தது. ஏறத்தாழ நான்காண்டுகள் கப்பலும் இல்லை, பணவிடையும் இல்லை. ஊரிலிருந்த மனைவியர் பலர், தாம் சுமங்கலியா அன்றா என்பதையே அறியாதிருந்தனர். போருக்குப் பின் ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் குடும்பத்தை அழைத்து வரும் வேட்கை மிகுந்ததற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியோர் வருகையைக் கடுமையாகச் சுருக்கியது. இங்கு வாழ்வோரின் மனைவிக்கும் இளம்பிள்ளைகளுக்கும் மட்டும் வாயில் ஓரளவு திறந்திருந்தது. இரு கரையிலும் கால் வைத்திருந்த ஆடவர், எக்கரையில் குடித்தனம் என்று முடிவு செய்தே ஆகவேண்டிய நிலை வந்தது. பழைய வழக்கத்தை அறிவுரைகள் மாற்றவில்லை, கடப்பிதழ் மாற்றிற்று.

அதே தாள் மீண்டும் பிரித்ததும் உண்டு. 1969-க்குப் பின் குடியுரிமை பெறாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு இன்றியமையாததாயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியர் தாயகம் திரும்பியதாகக் கணக்கிடப்படுகிறது. கணவனுக்குச் சிவப்பு அடையாள அட்டை, மனைவிக்கு நீல அட்டை என்றிருந்த வீடுகளில், இருவரும் புறப்படுவதா, ஒருவர் மட்டும் கப்பலேறுவதா என்ற கேள்வி ஒரே அடுப்பின் முன் அமர்ந்து பேசப்பட்டது.