நிறுவனக் கூட்டு நிலைப்பது எதனால்?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய் ஆகியவற்றைப் பொதி பொதியாக வாங்கிச் செல்லும் புலம்பெயர் உறவுகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். இப்பொருட்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நிரந்தரச் சந்தை பெறுவதற்கு, உள்ளூர் உற்பத்தியாளர்கள் வெளியூர் நிறுவனங்களுடன் கைகோர்க்க வேண்டியவர்களாக உள்ளனர். ஆயின், அத்தகைய கூட்டு எதனால் நிலைக்கின்றது, எதனால் முறிகின்றது?

இரு நிறுவனங்கள் தத்தம் தனித்துவத்தை இழக்காது, குறித்த ஒரு நோக்கத்திற்காக மூலதனத்தையும் தொழினுட்பத்தையும் சந்தையையும் பகிர்ந்துகொள்வதே மூலோபாயக் கூட்டு எனப்படுகின்றது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதே இதன் அடிப்படையாகும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1998 ஆம் ஆண்டு எயார் லங்கா நிறுவனத்தின் 40 சதவீதப் பங்குகளை டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் வாங்கி, பத்தாண்டுகளுக்கு முகாமைத்துவப் பொறுப்பையும் ஏற்றது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் புதிய விமானங்களைப் பெற்றது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா தாக்குதலில் விமானங்களை இழந்தும் மீண்டெழுந்தது. ஆனால் 2007 டிசெம்பரில் ஜனாதிபதியின் குழுவினருக்கு இலண்டன் விமானத்தில் ஆசனம் வழங்கும் விடயத்தில் முரண்பாடு எழுந்து, பிரதம நிறைவேற்று அதிகாரியின் விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் முடிவடைந்த முகாமைத்துவ ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2010 இல் எமிரேட்ஸ் தனது பங்குகளை அரசாங்கத்திடமே விற்று விலகியது. அடுத்த பல ஆண்டுகளில் ஏற்பட்ட பெரும் நட்டத்தின் சுமை பொதுமக்கள் மீதே விழுந்தது.

அயல்நாடான இந்தியாவில் 1984 இல் உருவான ஹீரோ ஹொண்டா கூட்டு இதற்கு மாறானது. இரு தரப்பும் தலா 26 சதவீதப் பங்குகளை வைத்திருந்தன. 1999 இல் ஹொண்டா அங்கு தனி நிறுவனம் அமைத்துப் போட்டியாளராகவும் மாறியது. எனினும் 2010 இறுதியில் இணக்கமாகவே பிரிந்தனர்; தொழினுட்ப உரிமை பற்றிய உடன்பாடும் செய்துகொள்ளப்பட்டது. ஹீரோ தனித்து வளர்ந்தது.

இவ்விரண்டும் உணர்த்துவன தெளிவானவை. யார் எதைத் தீர்மானிப்பது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வதிகாரத்தை இரு தரப்பும் மதிக்க வேண்டும். இலாபமும் நட்டமும் பகிரப்படும் முறை, வணிகப் பெயரின் உரித்து, பிரியும் வழி ஆகியனவும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

வடக்கின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லையும் உறவையுமே நம்பி வணிகம் செய்பவர்கள். நம்பிக்கை இன்றியமையாததே. ஆயினும் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற முதுமொழியை மறத்தலாகாது. கணக்கு நேராக இருக்கும்போதுதான் உறவும் நீடிக்கும்.