நூலுக்கு அரியணை, துறவிக்கு முதல் சோறு

1873இல் பினாங்கு காவல்துறையில் உயர் பதவி வகித்த கேப்டன் ஸ்பீடி, அந்த வேலையை உதறிவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பேராக்கின் லாருட் பகுதியில் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனக் குழுக்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக வெட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்த காலம் அது. சண்டையை அடக்க ஆள் வேண்டும் என்று லாருட்டின் மந்திரி ஙா இப்ராஹிம் அவரை அமர்த்தியிருந்தார். வட இந்தியாவில் ஸ்பீடி திரட்டிவந்த நூற்றுப்பத்துப் பேரில் சீக்கியர்களும் பட்டாணியர்களும் இருந்தார்கள். மறு ஆண்டு சண்டைக்கு முடிவு கட்டிய பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை ஓய்ந்த அந்தச் சுரங்க ஊர் தைப்பிங் ஆயிற்று.

ஸ்பீடியின் ஆட்கள் பேராக் ஆயுதக் காவல் படைக்கு வித்தானார்கள். 1884இல் அது முதலாம் பேராக் சீக்கியர் படை என்றும், 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் மாநிலக் காவற்படை என்றும் வளர்ந்தது. 1879இல் கட்டப்பட்ட தைப்பிங் சிறையிலும் சீக்கியர்கள் வார்டர் வேலை பார்த்தார்கள். மலாயாவில் சீக்கியப் படைவீரர்களும் காவலர்களும் தங்கிய இடங்களில், தைப்பிங்கிலும், சீக்கியக் கோயிலான குருத்வாரா எழுவது வழக்கமாயிற்று.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. எட்டு மைல் தூரம்தான். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். பிறகு யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள். சிங்களவர்களும் வந்தார்கள். அசாம் கும்பாங் பகுதியிலுள்ள போதி லங்காராம என்ற பௌத்த விகாரை இந்தச் சிங்களவர்கள் எழுப்பியது. அதன் தொடக்க ஆண்டாக 1889ஐக் குறிக்கிறார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விகாரையின் தொடக்கம் 1894 என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரனுக்கு வேலை செய்ய வந்து, ஊன்றிய இடத்தில் தன் சாமியையும் ஊன்றிக்கொண்ட கதை தமிழருக்குப் புதிதல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் வந்ததும் அப்படித்தான். ஆனாலும் தைப்பிங்கின் தமிழர்களில் பலருக்கு குருத்வாராவும் விகாரையும் தாண்டிப் போகும் கட்டடங்கள்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது என்றே பதில் வரும்.

குருத்வாராவில் சிலை கிடையாது. மேற்கட்டியின் கீழே, உயர்ந்த பீடத்தில், பட்டுத்துணி விரிப்பில் குரு கிரந்த சாகிப் வீற்றிருக்கிறது. ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்து 1604இல் அமிர்தசரஸில் நிறுவிய நூல் அது. 1708இல் பத்தாம் குரு கோபிந்த் சிங், இனி மனித குரு இல்லை, இந்த நூலே குரு என்று அறிவித்தார். அதனால் நூலுக்கு அரச மரியாதை நடக்கிறது. விடியற்காலையில் விரித்து வைப்பது ஒரு சடங்கு. இரவில் துணி போர்த்தி, தலைமேல் ஏந்திச் சென்று தனி அறையில் துயில வைப்பது இன்னொரு சடங்கு. பின்னால் நிற்பவர் சாமரம் வீசுகிறார். பள்ளியறைப் பூசை பார்த்து வளர்ந்த தமிழருக்கு இதில் அந்நியம் ஒன்றும் தோன்றாது.

அச்சில் 1430 பக்கங்கள் கொண்ட அந்த நூல் பெரும்பகுதி இராக வரிசைப்படி அமைந்தது. எனவே வழிபாட்டின் உயிர் பாட்டுதான். ஆர்மோனியமும் தபேலாவுமாகக் கீர்த்தனை நடக்கும். பிறகு எல்லாரும் எழுந்து கைகூப்பி நின்று பொது வேண்டுதல் செய்கிறார்கள். அதன்பின் நூலைக் குறி பார்க்காமல் திறந்து, இடப்பக்கத்து மேற்பகுதியில் கிடைக்கும் பாடலை வாசிக்கிறார்கள். அன்றைய கட்டளை அதுவே. குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதும் அந்தப் பாடலின் முதல் எழுத்தைத்தான் எடுக்கிறார்கள். நட்சத்திரம் பார்த்து எழுத்து எடுக்கும் நமது வழக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வழக்கம் இது.

விகாரையில் புத்தர் சிலை உண்டு. பூ, விளக்கு, ஊதுபத்தி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே வரம் கேட்பது வழிபாட்டின் மையம் அல்ல. பூவை வைக்கும்போதே, இந்தப் பூ வாடுவதுபோல் இந்த உடலும் வாடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். முதலில் புத்தருக்கு மூன்று முறை வணக்கம். பிறகு புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிலும் சரணடைதல். அடுத்து கொல்லாமை, கள்ளாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை என ஐந்து உறுதிகளைத் துறவியான பிக்கு சொல்லித்தர, இல்லறத்தார் திருப்பிச் சொல்கிறார்கள். எல்லாம் பாலி மொழியில். இசைக்கருவி இல்லை, ஏற்ற இறக்கம் குறைந்த ஓதல் மட்டுமே. பிரித் என்னும் காப்பு மொழிகளை ஓதும் நாளில் ஒரு வெள்ளை நூல் பிக்குகளின் கைகள் வழியே கூட்டத்தினரின் கைகளுக்கு வருகிறது. முடிந்ததும் அதைத் துண்டாக்கி மணிக்கட்டில் கட்டுகிறார்கள். போதி மரத்தைச் சுற்றி நீர் ஊற்றுவதும் வழிபாட்டின் ஒரு பகுதி.

யார் நடத்துவது என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சீக்கியத்தில் துறவு போற்றப்படுவதில்லை. பூசாரி வர்க்கமும் இல்லை. கிரந்தத்தை வாசிக்கத் தெரிந்த ஆணோ பெண்ணோ முன்னால் உட்கார்ந்து நடத்தலாம். விகாரையில் துறவியே நடுநாயகம். இந்த விகாரை பின்பற்றும் தேரவாத பௌத்தத்தில் பெண் துறவிகளான பிக்குணிகளின் மரபு பல நூற்றாண்டுகள் அற்றுப்போய், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் இலங்கையில் மீண்டும் தொடங்கியது.

ஆனால் வேறுபாடு முழுதாக விளங்குவது சோற்றில்தான். குருத்வாராவில் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சம அளவில் சேர்த்துக் கிளறிய அல்வாவை இரு கை ஏந்தி வாங்குகிறார்கள். அடுத்து லங்கர். யார் வந்தாலும் ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே சாப்பாடு. சாதி பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில், கூட உட்கார்ந்து தின்பதையே வழிபாட்டின் பகுதியாக ஆக்கியது பெரிய துணிச்சல். தமிழகத்துக் கோயில் நுழைவுப் போராட்டங்களை நினைத்துப் பார்த்தால் அதன் எடை புரியும்.

விகாரையில் வரிசை வேறு. இல்லறத்தார் சமைத்துக் கொண்டுவந்து முதலில் பிக்குகளுக்குப் பரிமாறுகிறார்கள். நண்பகலுக்கு முன் அது முடிய வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் சாப்பாடு. கொடுத்ததால் வந்த புண்ணியத்தை அவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை. செம்பிலிருந்து கிண்ணத்தில் நீரை ஊற்றி, அது நிரம்பி வழிய வழிய, அந்தப் புண்ணியம் இறந்துபோன உறவினர்களைச் சேரட்டும் என்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சடங்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இரு மரபுகளுக்கும் தமிழோடு உறவு உண்டு. பௌத்தம் நாகப்பட்டினத்திலும் காஞ்சியிலும் செழித்த சமயம். அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட மணிமேகலை ஒரு பௌத்தத் துறவி. அவள் செய்த வேலையை இன்று தைப்பிங்கில் அதிகம் ஒத்திருப்பது குருத்வாராவின் அடுப்படிதான் என்று சொன்னால் எந்தப் பிக்குவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மலாய் மாநிலக் காவற்படை 1919இல் கலைக்கப்பட்டது. பேராக்கின் தலைநகரம் 1937இல் ஈப்போவுக்குப் போனது. போர்ட் வெல்டு ரயில் பாதையும் இன்றில்லை. அவற்றுக்காக வந்தவர்களின் வழிபாடு மட்டும் நிற்கிறது.

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகும் தமிழ்க் குடும்பங்கள் குருத்வாராவுக்கும் விகாரைக்கும் ஒரு பொழுது ஒதுக்கலாம். குருத்வாராவில் செருப்பைக் கழற்றி, தலையைத் துணியால் மூடி, தரையில் உட்கார வேண்டும். கிரந்தத்துக்குக் கால் நீட்டக் கூடாது. விகாரைக்கு வெள்ளை உடை நல்லது. பிக்குகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதானால் நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள்.