காந்த நீர்ப் பதப்படுத்தல்

காந்த நீர்ப் பதப்படுத்தல் என்பது குழாய், கொதிகலன், வெந்நீர்க் கலன் முதலியவற்றில் உப்புப் படிவதைக் குறைக்கும் நோக்குடன், அவற்றுக்குச் செல்லும் நீரைக் காந்தப் புலம் ஒன்றின் ஊடாகச் செலுத்தும் முறை ஆகும். இம்முறை நீரிலிருந்து எந்த உப்பையும் நீக்குவதில்லை. ஆகவே இதனை நீரை மென்மையாக்கும் முறைகளுள் ஒன்றாகக் கருதுவது தவறு. இதற்கான கருவிகள் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தாலும், அவற்றின் பயன் குறித்து அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கடின நீரும் உப்புப் படிவும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோகைட்டு, நைசு போன்ற பழமையான கடினப் பாறைகளால் ஆனது. நிலத்தடி நீர் இப்பாறைகளின் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பகுதியிலும் தங்கி, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. நகரின் குடிநீருக்குத் தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணை ஆதாரமாக இருப்பினும், குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் பலர். கிரிவலத்திற்கு வருவோர் தங்கும் விடுதிகளில், வெந்நீர்க் கலனின் சூடேற்றுங் கம்பி வெள்ளைப் பொருக்கால் மூடப்படுவது இதன் விளைவே.

மக்கள் வழக்கில் 'உப்புத் தண்ணீர்' எனப்பட்டாலும், இவ்வாறு படிவது சோற்றுப்பு அன்று. நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரியமில வாயு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட்டு எஞ்சுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை உடைய நீர் 100 லிட்டரில் இருந்து, முழுவதும் வீழ்படிவானால், 30 கிராம் படிவு கிடைக்கும். இப்படிவு வெப்பத்தை அரிதிற் கடத்துவது. எனவே கம்பி மிகையாகச் சூடேறிப் பழுதடைகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எசு. 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது.

வரலாறும் ஆய்வுகளும்

பெல்சியத்தைச் சேர்ந்த வெர்மைரன் 1945 ஆம் ஆண்டு இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் சோவியத்து ஒன்றியத்தில் கொதிகலன்களுக்கு இது பரவலாகப் பயன்பட்டது.

2000 ஆம் ஆண்டில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கோயியும் காசும் வெளியிட்ட ஆய்வில், காந்தப் புலத்தைக் கடந்த நீரைச் சூடாக்கியபோது கால்சைட்டை விட அரகோனைட்டு கூடுதலாக உருவானது கண்டறியப்பட்டது. இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவங்களே. கால்சைட்டு பரப்பில் இறுகப் பற்றும். ஊசி வடிவ அரகோனைட்டு எளிதில் உதிரக்கூடியது என்பர். ஆனால் அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர் அமைப்பு இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டு படைக்கலச் சாலையில் நடத்தி 2001 இல் வெளியிட்ட கள ஆய்வில், காந்தக் கருவியும் மின்னணுக் கருவியும் பொருத்திய குழாய்களுக்கும் எதுவும் பொருத்தாத குழாய்க்கும் இடையே படிவில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் தென்பட்ட விளைவு களத்தில் கிட்டாமற் போவதே இத்துறையின் நெடுநாட் சிக்கல். நீரின் வேதியியல், ஓட்ட வேகம், நீர் மீண்டும் மீண்டும் புலத்தைக் கடக்கிறதா என்பவற்றைப் பொறுத்து முடிவுகள் மாறுகின்றன.

காரணமும் முழுமையாக விளங்கவில்லை. நகரும் அயனிகளின் மீது காந்தப் புலம் செலுத்தும் விசை, படிகமாகும் முன் திரளும் நுண்திரள்களின் மாற்றம், நீரிலுள்ள இரும்புத் துகள்களின் பங்கு எனப் பல கருதுகோள்கள் உள்ளன.

வாங்குவோர் கவனத்திற்கு

கடினத்தன்மைச் சோதனையோ, கரைந்த திண்மங்களை அளக்கும் கைக்கருவியோ காந்தக் கருவியின் பயனைக் காட்டா. உப்பு நீரிலேயே இருப்பதால் இரு அளவீடுகளும் மாறாதிருத்தலே இயல்பு. குறைந்துவிட்டதாக ஒரு விற்பனையாளர் காட்டினால் ஐயுறவே வேண்டும். இரும்புக் குழாயின் வெளியே பொருத்திய காந்தத்தின் புலம் பெரும்பாலும் குழாய்ச் சுவரிலேயே அடங்கிவிடும், பி.வி.சி. குழாயில் இத்தடை இல்லை. ஒரே கிணற்று நீரைப் பெறும், ஒரே வகையான இரு வெந்நீர்க் கலன்களுள் ஒன்றுக்கு மட்டும் காந்தம் பொருத்தி, சில மாதங்கள் ஒரே அளவு வெப்பத்தில் இயக்கி, இரண்டின் படிவையும் சுரண்டி எடைபோட்டுப் பார்ப்பதே நேர்மையான சோதனை. பின் காந்தத்தை மற்றதற்கு மாற்றி ஒருமுறை செய்தால் ஐயம் மேலும் குறையும். பல அறைகள் கொண்ட விடுதிக்கு இது கடினமன்று.

மாற்று முறைகள்

அயனிப் பரிமாற்றப் பிசின் கடினத்தன்மையை உறுதியாக நீக்கும். ஆயினும் பிசினைப் புதுப்பிக்கச் சோற்றுப்பு தேவை. கழிவாகும் உப்பு நீரை நிலத்தில் விட்டால் அருகிலுள்ள கிணறுகளே கெடும். ஏற்கெனவே படிந்ததை எலுமிச்சை அமிலக் கரைசலோ வினிகரோ கரைக்கும். மழைநீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பில், கூரை நீரைத் தொட்டியில் தேக்கிக் கிணற்று நீருடன் கலந்து சூடாக்கினால், கலந்த விகிதத்திற்கு ஏற்பப் படிவும் குறையும்.