சொந்த மனையில் ஒரு களஞ்சியம்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களும், இன்றைய இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு மலைநாடும் கேரளத்தோடு நின்றன. அங்கே வாழும் தமிழ் மக்கள் தங்கள் குழந்தைகளைத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்க வைத்து வருகிறார்கள். அக்குழந்தைகள் கணினியில் தமிழ் எழுதுவதற்கு உதவக்கூடிய முயற்சிகளில் ஒன்று கேரளத்திலேயே தோன்றியது என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்க செய்தியாகும்.

2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்த ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வலர் குழு, மலையாள எழுத்துருக்களோடு நிற்காமல், ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் யாவருக்கும் இலவசமாக வழங்கியது. எழுத்துருவை வழங்கினால் மட்டும் போதுமா? அதன் வளைவுகளை எவர், எப்போது, எதற்காகத் திருத்தினார் என்ற சரித்திரத்தையும் பாதுகாக்க வேண்டுமல்லவா?

அந்தப் பாதுகாப்புக் கலைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் இயற்றிய ‘எஸ்.சி.சி.எஸ்.’ என்ற மென்பொருளே அதன் ஆதி. 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் தொடங்கிய ‘சி.வி.எஸ்.’, பலர் ஒருங்கே ஒரே கோப்பில் வேலை செய்ய வழி கண்டது. 2000-இல் தோன்றிய ‘சப்வெர்ஷன்’, அப்பாச்சி வலைச் சர்வரோடு இணைந்து, ஏற்கெனவே நடந்துவரும் வலைத்தளத்தின் ஒரு முகவரிக்குக் கீழேயே, திருத்தச் சரித்திரத்தைச் சேமிக்கும் களஞ்சியத்தைக் குடியேற்றும் சௌகரியத்தை அளித்தது. பிறகு 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உண்டாக்கிய ‘கிட்’, ஒவ்வொரு பிரதியிலும் முழுச் சரித்திரமும் அடங்கும்படி செய்து, இந்த ஏற்பாட்டை மேலும் எளிதாக்கிவிட்டது.

வேலைக்குரிய கோப்புகள் இன்றி, சரித்திரத்தை மட்டும் தாங்கும் ‘வெற்றுக் களஞ்சியம்’ ஒன்றை ஆக்கி, வலைத்தளத்தின் ஒரு கோப்புறையில் வைத்துவிட்டால், சாதாரண வலைச் சர்வரே அதை வாசகருக்கு எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு முறை புதிய திருத்தம் வந்து சேர்ந்ததும் ‘கிட் அப்டேட்-சர்வர்-இன்ஃபோ’ என்ற கட்டளை தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், அது உள்ளே என்னென்ன கிளைகள் இருக்கின்றன என்ற பட்டியலைப் புதுப்பித்து வைக்கும். அப்பட்டியல் பழையதாயிருந்தால், வருகிறவர்கள் பழைய நிலையையே பெற்றுச் செல்வார்கள். எழுதும் உரிமை எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியாக உரியவருக்கு மட்டும் இருக்க வேண்டும். தளத்தின் சொந்த ‘.கிட்’ கோப்புறையைக் கவனமின்றித் திறந்து விடுவதோ பெரும் ஆபத்து. எப்போதோ எழுதி அழித்த கடவுச்சொற்கள்கூடச் சரித்திரத்தில் உயிரோடிருக்கும்.

இத்தனை சிரமம் எதற்கு, பெரிய நிறுவனங்களின் தளங்கள் இல்லையா என்று கேட்போர் உண்டு. கூகிள் கோட் 2016-இல் மூடப்பட்டது. ஜிட்டோரியஸ் 2015-இலேயே ஓய்ந்தது. மேற்சொன்ன கேரளக் குழுவோ, சவானா என்ற தளத்திலிருந்து கிட்லாபுக்குத் தன் களஞ்சியங்களை மாற்றிக்கொண்டது; கிட்டின் பிரதி முழுமையானது என்பதால், சரித்திரம் அறுபடாமல் அப்படிக் குடிபெயர முடிகிறது. பிறர் இடத்தில் தங்குவது குற்றமன்று. ஆனால் சொந்த மனையில் ஒரு முழுப் பிரதி இல்லாமல் தங்குவதே அவிவேகம்.

ஆதலால் எல்லைப்புறத்துத் தமிழ்வழிப் பள்ளிகளும் நூலகங்களும் தங்கள் பாடக் குறிப்புகளையும் வட்டாரச் சொற்பட்டியல்களையும் தங்கள் வலைத்தளத்திலேயே இவ்விதம் சேமித்து, மற்றோர் இடத்திலும் ஒரு பிரதி வைக்கத் தொடங்குதல் நலம். ராஜ்யத்தில் சிறுபான்மையினராய் இருப்போருக்கு, தம் மொழியில் தாம் செய்த வேலையின் கணக்குத் தம் கையிலேயே இருப்பது இன்றியமையாத உரிமையாகும்.