தன்னைத் தாக்கும் உடல்: ஒரு மருத்துவக் கொள்கையின் வரலாறு

வேலியே பயிரை மேய்வது பற்றிய பழமொழி தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். காக்கவேண்டியது அழிக்கத் தொடங்குமாயின் முறையிடுவதற்கு இடமில்லை என்னும் கையறுநிலையை அது உணர்த்துகின்றது. மனித உடலினுள்ளும் இத்தகைய நிலை தோன்றலாம் என்பதை மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொள்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் கழியவேண்டியிருந்தது. நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்கும் ஆற்றல் நிர்ப்பீடனம் எனப்படும். அவ்வாற்றல் இலக்குத் தவறி, உடலின் சொந்த இழையங்களையே பகையெனக் கொண்டு தாக்குவதால் விளையும் பிணிகளே தன்னிர்ப்பீடன நோய்களாகும். முடக்குவாதம், லூபஸ், முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட்டுச் சுரப்பி நோய்கள் சில என்பன இவற்றுள் அடங்கும். இந்நோய்களுக்கான முதற்சான்று 1904 இலேயே வெளிவந்துவிட்டது. அவ்வாறாயின் அது ஏன் அரை நூற்றாண்டு காலம் புறக்கணிக்கப்பட்டது என்னும் வினா மருத்துவத்துக்கு மட்டுமன்றி, அறிவின் வரலாற்றுக்கும் உரியதாகும்.

ஜேர்மனியின் பிராங்போட் நகரில் 1899 இல் திறக்கப்பட்ட பரிசோதனைச் சிகிச்சை நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் போல் ஏர்லிக். அவரும் அவருடைய துணைவரான யூலியஸ் மோர்கன்றோத்தும் 1900 ஆம் ஆண்டளவில் ஆடுகளைக் கொண்டு பரிசோதனைகளை மேற்கொண்டனர். ஓர் ஆட்டினுள் வேறு ஆடுகளின் குருதியைச் செலுத்தியபோது, பிற ஆடுகளின் செங்குழியங்களைச் சிதைக்கும் பொருள்கள் அதன் குருதிநீரில் தோன்றின. ஆயினும் அவை அவ்வாட்டின் சொந்தச் செங்குழியங்களை ஒருபோதும் சிதைக்கவில்லை. உடல் தன்னையே நஞ்சாக்கிக்கொள்வதற்கு அஞ்சுகின்றது எனக் கருதிய ஏர்லிக், இந்நிலைக்கு 'ஹொரர் ஒட்டோடொக்சிகஸ்' என்னும் இலத்தீன் பெயரை இட்டார். தன்னஞ்சாதலின் அச்சம் என அதனைத் தமிழில் கூறலாம்.

இவ்விடத்து ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உடல் தனக்கெதிரான பொருள்களை ஆக்கவே மாட்டாது என ஏர்லிக் கூறினாரல்லர். அவை தீங்கு செய்யாவண்ணம் தடுக்கும் ஒழுங்கமைப்பு உடலினுள்ளே உண்டு என்பதே அவரது கருத்து. அவ்வொழுங்கமைப்புக் குலையுமாயின் பெருந்தீங்கு நேரலாம் என்பதையும், நோய்கள் பலவற்றை விளக்க முற்படுகையில் அத்தகைய குலைவையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்பதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். எனினும் பின்வந்தோர் பலர் முதற்பாதியைப் போற்றிப் பிற்பாதியை மறந்தனர். 1908 இல் நோபல் பரிசைப் பெற்ற பேரறிஞரின் கூற்று, காலப்போக்கில் மீறவொண்ணாத விதியாக வாசிக்கப்பட்டது. தமிழில் வழங்கும் 'பிறபொருளெதிரி' என்னும் கலைச்சொல்லிலும் இவ்வெண்ணம் மறைந்திருத்தல் காணலாம். எதிர்க்கப்படுவது பிறபொருளாகவே இருத்தல் வேண்டும் என அச்சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றது.

இவ்விதிக்கு மாறான சான்று விரைவிலேயே வெளிவந்தது. குளிரில் இருந்தபின் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறும் அரிய நோயொன்றை வியன்னா நகரில் ஜூலியஸ் டொனாத், கார்ல் லாண்ட்ஸ்ரைனர் ஆகியோர் ஆராய்ந்தனர். நோயாளியின் குருதியிலுள்ள பிறபொருளெதிரி, குளிர்நிலையில் அவரது சொந்தச் செங்குழியங்களைப் பற்றிக்கொள்கின்றது என்பதையும், உடல் மீண்டும் வெப்பமடைகையில் அவை சிதைகின்றன என்பதையும் 1904 இல் அவர்கள் நிறுவினர். தன்னெதிர்ப்பு நிகழக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் நோய் அரிதானதாகவும், பெரும்பாலும் சிபிலிசு நோயுற்றோரிடையே காணப்பட்டதாகவும் இருந்தமையால், அது விதியைத் தகர்க்கும் சான்றாகக் கொள்ளப்படாது, விதிவிலக்காகவே ஒதுக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஆய்வாளரின் நாட்டம் பிறபொருளெதிரிகளின் இரசாயனத்தின்பாற் சென்றது. லாண்ட்ஸ்ரைனரே அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார்.

1912 இல் யப்பானிய வைத்தியர் ஹக்காரு ஹஷிமொட்டோ, கழுத்துக் கழலையுற்ற நான்கு பெண்களின் தைரொயிட்டுச் சுரப்பிகளை ஆராய்ந்து ஜேர்மானிய மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சுரப்பிகளில் நிணநீர்க்குழியங்கள் மிகுதியாகக் குவிந்திருந்ததை அவர் விவரித்தார். அவை அங்கு வந்தமைக்கான காரணத்தைக் கூற அக்காலத்து அறிவு இடந்தரவில்லை. அவர் 1934 இல் காலமானார். தாம் கண்ட நோய் தன்னிர்ப்பீடன ஆய்வின் வாயிலைத் திறக்கப்போவதை அவர் அறிந்திலர்.

காரணம் அறியப்படுமுன்னரே சில சிகிச்சைகள் கண்டுபிடிக்கப்பட்டமை இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். 1922 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நீரிழிவுற்ற சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஆயினும் முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உள்ளமை 1974 இலேயே அறியப்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பிலிப் ஹெஞ்ச், முடக்குவாத நோயாளர் சிலர் மஞ்சட்காமாலையுற்றபோதும், பெண்கள் கருவுற்றபோதும் மூட்டு வேதனை தணிந்ததை அவதானித்தார். உடலினுள் சுரக்கும் ஏதோவொரு பொருளே இதற்குக் காரணம் என ஊகித்த அவர், எட்வேட் கெண்டல் பிரித்தெடுத்த அதிரீனற் சுரப்பிப் பொருளொன்றை 1948 செப்ரெம்பரில், 29 வயதுடைய பெண்ணொருவருக்கு ஏற்றினார். நடக்கவியலாதிருந்த அப்பெண் சில நாள்களுள் எழுந்து நடந்தார். கோட்டிசோன் என வழங்கப்பட்ட அப்பொருளின் பொருட்டு ஹெஞ்ச், கெண்டல், ரைஹ்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது, தொடர்ந்து கொடுத்தபோது முகம் வீங்கியது, என்புகள் மெலிந்தன, கிருமித் தொற்றுகள் பெருகின. வேலியைத் தளர்த்தினால் பயிர் பிழைக்கும், ஆயின் வெளியிலுள்ள ஆடுமாடுகளும் உட்புகும் என்னும் இக்கட்டு அன்று தொட்டு இச்சிகிச்சை முறைகளைத் தொடர்ந்து வருகின்றது.

இதே காலப்பகுதியிற் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரண்டன. குருதிச் சிறுதட்டுகள் குறைந்து குருதிக்கசிவு ஏற்படும் நோயொன்றை ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஹரிங்ரன், 1950 இல் நோயாளியொருவரின் குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துள் அவரது சிறுதட்டுகள் பேரளவிற் குறைந்தன. உயிருக்கே ஊறு நேரக்கூடிய நிலை ஏற்பட்டது. நோய்க்குக் காரணமானது குருதியில் உலவும் ஒரு பொருளே என்பதை அத்துணிச்சல் நிறுவியது. எனினும், அதனை இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் அனுமதிக்கமாட்டாது.

ஏர்லிக்கின் கூற்றைத் தகர்த்தவர்களுள் ஒருவர் அவருடைய கல்வி மரபிலேயே தோன்றியவர் என்பது வரலாற்றின் முரண்நகை. ஏர்லிக்கிடம் பணியாற்றிய ஹான்ஸ் சாக்ஸ் என்பாரின் மாணாக்கரான ஏர்ணெஸ்ற் விற்றெப்ஸ்கி, 1933 இல் நாசி ஆட்சியின்போது ஜேர்மனியை விட்டு நீங்கி, பின்னர் அமெரிக்காவின் பவலோ பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவரிடம் 1951 இல் சேர்ந்த நோயல் றோஸ் என்னும் இளம் ஆய்வாளர், முயல்களின் தைரொயிட்டுப் புரதத்தை முயல்களுக்கே ஏற்றியபோது எதிர்பாராத வகையிற் பிறபொருளெதிரிகள் தோன்றின. ஒரு முயலின் சுரப்பியிற் பாதியை அகற்றி, அதன் சாற்றை அதே முயலுக்கு ஏற்றியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. எஞ்சிய பாதி அழற்சியுற்றது. குருவின் குருவுக்கு மாறான முடிவை விற்றெப்ஸ்கி எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பரிசோதனைகள் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு, 1956 இலேயே முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டில் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் ஐவன் றொயிற், டெபோரா டோனியாக் முதலியோர் ஹஷிமொட்டோ நோயாளரின் குருதிநீரில் தைரொயிட்டுச் சுரப்பிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டறிந்தனர். விலங்கிற் காணப்பட்டதும் மனிதரிற் காணப்பட்டதும் ஒத்திருந்தமையால், ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

உண்மை நிறுவப்பட்டபின் அதற்கு விளக்கம் தேவைப்பட்டது. 1957 இல் அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்ணற் முன்வைத்த கொள்கையின்படி, எண்ணற்ற வகை நிணநீர்க்குழியங்கள் உடலில் தோன்றுகின்றன. அவற்றுள் தன்னுடலைத் தாக்கவல்லவை தொடக்கத்திலேயே அழிக்கப்படுகின்றன. தப்பிப் பிழைப்பவையே நோயை விளைவிக்கின்றன. இவ்விளக்கம் பெரும் பயன் விளைத்தது, எனினும் முழுமையானதன்று. நலமுடையோர் உடலிலும் தன்னைத் தாக்கவல்ல குழியங்கள் உலவுகின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. அவை வாளாவிருத்தல் எவ்வாறு என்னும் வினாவுக்கு ஷிமோன் சக்காகுச்சி 1995 இல் விடையளித்தார். ஏனைய குழியங்களை அடக்கியாளும் ஒருவகை நிணநீர்க்குழியங்கள் உண்டு என அவர் காட்டினார். மேரி பிறன்கோ, பிரெட் றாம்ஸ்டெல் ஆகியோர் 2001 இல் அக்குழியங்களுக்கு இன்றியமையாத பரம்பரை அலகைக் கண்டறிய வழிசெய்தனர். இம்மூவருக்கும் 2025 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏர்லிக் 1901 இற் குறிப்பிட்ட உள்ளொழுங்கமைப்பு வெறும் கற்பனையன்று என்பது இவ்வாறு புலனாயிற்று.

சிகிச்சையும் இவ்வறிவோடு ஒத்து வளர்ந்தது. மலேரியாவுக்கான மெப்பக்கிறீன் லூபஸ் நோயாளருக்குப் பயன்தருவதை 1951 இல் வெளியான அறிக்கை காட்டியது. அதே பயன்பாட்டில் ஹைட்றொக்சிகுளோறோகுயின் இன்றும் வழக்கிலுள்ளது. புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட மருந்துகள் சில நிர்ப்பீடனத்தை அடக்கப் பயன்பட்டன. இலண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் அழற்சியைத் தூண்டும் ஒரு தனிப்பொருளை மட்டும் தடுக்கும் சிகிச்சையை 1992 இல் முடக்குவாத நோயாளரிடம் தொடங்கினர். முழு வேலியையும் தளர்த்தாது பழுதுற்ற கதியாலை மட்டும் நாடும் முயற்சி அது எனலாம். எனினும் உறங்கிக் கிடந்த காசநோய் சிலரில் விழித்தெழுந்தமை, காவலை ஓரிடத்திற் குறைப்பதற்கும் விலையுண்டு என்பதை உணர்த்தியது. 2021 இல் ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில், லூபஸ் நோயுற்ற 20 வயதுப் பெண்ணொருவரின் குழியங்களையே மாற்றியமைத்து, பிறபொருளெதிரிகளை ஆக்கும் குழியங்களை நீக்கியதன் மூலம் நோய் தணிந்தமை அறிவிக்கப்பட்டது.

லூபஸ் நோயாளருள் பத்தில் ஒன்பதின்மர் அளவினர் பெண்கள். பலர் இளமையிலேயே நோயுறுகின்றனர். ஆகவே இழந்த அரை நூற்றாண்டு ஏட்டளவில் மட்டும் நேர்ந்த இழப்பன்று. ஏர்லிக்கின் பரிசோதனை பிழையானதன்று. அவரது கூற்றும் பிழையானதன்று. அக்கூற்றைப் பாதி வாசித்து, அப்பாதியை வேதமாக்கியமையே பிழையாயிற்று. பேரறிஞர் ஒருவரைப் போற்றுதற்குச் சிறந்த வழி, அவரை இறுதிவரை வாசித்தலும், அவரது முடிவை மீண்டும் பரிசோதித்தலுமேயாகும். தம் மரபின் தந்தையாரது கூற்றுக்கு மாறான முடிவைப் பலமுறை சோதித்து, பின்னர் தயங்காது வெளியிட்ட விற்றெப்ஸ்கியின் செயல், எத்துறையினைக் கற்போருக்கும் முன்மாதிரியாக அமையவல்லது.