கோபுர ஜன்னலும் 23.4 டிகிரியும்

மார்ச் 20 வாக்கிலும் செப்டம்பர் 23 வாக்கிலும் ஒரு படம் தவறாமல் நம் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம். நடு ஜன்னலில் செக்கச்செவேல் என்று அஸ்தமனச் சூரியன். சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை ஒரு நிலை இறங்கி அடுத்த ஜன்னலுக்கு வரும். படத்துக்குக் கீழே இரண்டு கட்சிகள். "அதிசயம், நாசாவே அசந்து போச்சு" என்று ஒன்று. "எல்லாம் தற்செயல், சும்மா இருங்கப்பா" என்று இன்னொன்று.

நான் இரண்டிலும் இல்லை. பிறந்து வளர்ந்தது அந்தக் கோபுரத்துக்குக் கிழக்கே, சாலையில். இப்போது இருப்பது லண்டன் பக்கம். இரண்டு ஊர்ச் சூரியனையும் பார்த்தவன் என்பதுதான் இதை எழுதத் தகுதி. படித்தது பி.காம்., பார்ப்பது பாங்க் உத்தியோகம். அதனால் கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீர்கள் :-)

தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்தில் 'சாலை' என்றால் வெறும் ரோடு இல்லை. கிழக்கேகோட்டையில் ஆரம்பித்துக் கிழக்கே கிள்ளிப்பாலம் பக்கம் போகிற கடைத்தெருவின் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது சாலைக் கம்போளம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழர் பக்கம் வந்தது, திருவனந்தபுரம் கேரளத்தோடு நின்றது. ஆனாலும் சாலைக் கடைகளில் தமிழ் நிற்கவில்லை.

கோபுரம் சந்தையை விடப் பழையது. இப்போதுள்ள கோபுரத்துக்கு 1566-ல் அஸ்திவாரம் போட்டார்கள். பெரும்பகுதி எழுந்தது மார்த்தாண்ட வர்மா காலத்தில் (1729–1758). அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் முடிந்தது. ஏழு நிலை, சுமார் 100 அடி. கேரளக் கோயில்களில் இப்படி ஓங்கி நிற்கும் கோபுரம் அபூர்வம். இது பாண்டிய நாட்டுப் பாணி, நம்ம பக்கத்துக் கைவேலை. ஒவ்வொரு நிலையிலும் நட்டநடுவில் ஒரு திறப்பு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

இந்தக் கோபுரம் நேர் கிழக்கு-மேற்காக நிற்கிறது. காந்த ஊசி இல்லாமல் நேர் கிழக்கைக் கண்டுபிடிக்க நம் சிற்பிகளுக்கு ஒரு வழி இருந்தது. சமதரையில் ஒரு கோலை நட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடு. அந்தக் கோலுக்குச் சங்கு என்று பெயர். காலையில் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மத்தியானத்துக்குப் பிறகு நிழல் நீண்டு வட்டத்தைத் தாண்டும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிறு போட்டு இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடு. அவ்வளவுதான். ஆனால் நூறு அடி உயரம் வரை அந்தக் கோடு பிசகாமல் கட்டிக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

சரி, நேர் மேற்கே பார்க்கிற ஜன்னலில் சூரியன் தினமும் வரவேண்டியதுதானே? ஏன் வருஷத்துக்கு இரண்டே தடவை?

இங்கேதான் பூமியின் சாய்வு வருகிறது. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் செங்குத்தாக நின்று சுழலவில்லை. அதன் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. வருஷம் முழுவதும் அந்தச் சாய்வு ஒரே பக்கமாகவே (துருவ நட்சத்திரத்தை நோக்கி) இருக்கும். அதனால் ஜூன் மாதம் வடபாதி சூரியனைப் பார்த்துச் சாய்ந்தமாதிரி ஆகிறது. டிசம்பரில் தென்பாதி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரண்டு பாதிக்கும் சம பங்கு. அந்த இரண்டு நாளில்தான் உலகம் பூராவும் சூரியன் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறைகிறது. மற்ற நாளெல்லாம் வடக்கேயோ தெற்கேயோ தள்ளி. திருவனந்தபுரத்தில் இந்த நடமாட்டம் பக்கத்துக்குச் சுமார் 24 டிகிரி. லண்டனில் 40 டிகிரியை நெருங்கும்.

இன்னொரு சங்கதி. டிசம்பர், ஜூன் கோடிகளில் சூரியன் ஏறக்குறைய நின்றுவிடும், நாலைந்து நாளைக்கு மறையும் இடம் மாறினமாதிரியே தெரியாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஓட்டம். ஒரே நாளில் கிட்டத்தட்ட தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் ஜன்னல் காட்சிக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஆயுசு.

'அப்படியானால் லண்டனில் அதேமாதிரி கோபுரம் கட்டினால் இதே காட்சி வருமா?' என்று கேட்டால், வராது. திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்கு 8.5 டிகிரி வடக்கே. அங்கே சூரியன் கிட்டத்தட்ட தூக்குக்குண்டு போல நேராக இறங்கும். அதனால் மேல் ஜன்னலில் தெரிந்தது அடுத்ததிலும் தெரியும், அதற்கடுத்ததிலும் தெரியும். லண்டன் 51.5 டிகிரி. இங்கே சூரியன் சறுக்குமரத்தில் வருகிறமாதிரி சாய்வாக இறங்கும். முதல் ஜன்னலில் தலைகாட்டினால் அடுத்த நிலைக்கு வருமுன் கோபுரத்தை விட்டே வலப்பக்கம் போயிருக்கும். ஆக, கோபுரத்தின் நேர்மை பாதி, ஊர் இருக்கும் இடம் பாதி. அதிசயக் கட்சிக்கும் தற்செயல் கட்சிக்கும் சேர்த்து இதுதான் பதில்.

இதே சாய்வுதான் பருவங்களுக்கும் காரணம். 'சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர்' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில் (சுமார் 14.7 கோடி கிலோமீட்டர்). நாம் இங்கே கையுறை மாட்டிக்கொண்டு கார் கண்ணாடியில் பனி சுரண்டும் காலம்! மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில் (15.2 கோடி). வித்தியாசம் செய்வது வெயில் விழும் சாய்வும், பகலின் நீளமும். லண்டனில் டிசம்பர் 21 உச்சிவேளையில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 15 டிகிரிதான் ஏறும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் 21-ல் 62 டிகிரி, பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல்.

சாலைக்காரனுக்கு இது புதுசு. அங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். மாலை ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் என்றைக்கும் பொழுது சாய்ந்துவிடும். ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் 31 வாக்கிலும் சூரியன் நேர் உச்சியில். நடுவே உள்ள நாலரை மாதமும் மத்தியான நிழல் தெற்கே விழும். நமக்குப் பருவம் என்றால் குளிரும் கோடையும் இல்லை, மழைதான். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு. ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழையும் இந்தச் சாய்வின் பிள்ளைதான். வடபாதி நிலம் சூடேற, கடல்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு அதை நோக்கி வருகிறது.

இப்போது வீட்டுப் பிரச்னைக்கு வருகிறேன். ஒரு பொங்கலன்று என் மகள் கேட்டாள். "அப்பா, சூரியன் வடக்கே திரும்பறது டிசம்பர் 21-ன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. பாட்டி இன்னிக்குத்தான் உத்தராயணம்னு சொல்றாங்க. யார் சொல்றது ரைட்?"

சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால் குழந்தை மனசில் ஒன்று பதிந்துவிடும்: பாட்டி சொல்வது கதை, பள்ளிக்கூடம் சொல்வது உண்மை. அதற்குப் பிறகு பாட்டி எது சொன்னாலும் கதைதான். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

விடை இது. சூரியன் திரும்புவது டிசம்பர் 21 வாக்கில்தான், அதில் சந்தேகமில்லை. நம் பஞ்சாங்கம் அளப்பது வேறொன்றை: சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே மகர ராசிக்குள் நுழையும் நேரம். சுமார் 1,700 வருஷம் முன்பு இரண்டும் ஒரே நாளில் நடந்தன. ஆனால் பூமியின் அச்சு, சுற்றி ஓய்கிற பம்பரம்போலத் தானும் மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 26,000 வருஷம். இதனால் நட்சத்திரக் கணக்கு வருஷம், பருவக் கணக்கு வருஷத்தைவிடச் சுமார் 20 நிமிஷம் அதிகம். வருஷத்துக்கு 20 நிமிஷம் என்பது பெட்டி காஷ் மாதிரி, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 71 வருஷத்தில் அது ஒரு நாள் ஆகிவிடும். இன்று சேர்ந்திருக்கும் பாக்கி 24 நாள். டிசம்பர் 21-ஓடு கூட்டிப் பாருங்கள், ஜனவரி 14.

சித்திரை விஷுவும் அப்படியே. விஷு என்ற சொல்லே பகலும் இரவும் சமம் என்பதிலிருந்து வந்தது. கோபுர ஜன்னலில் சூரியன் வருவது மார்ச் 20 வாக்கில். மலையாளிகள் கனி காண்பது ஏப்ரல் 14 அல்லது 15. பெயர் அந்த நாளுக்கு, நாள் இந்தப் பக்கம்.

இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை, வெள்ளைக்காரனும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். ஜூலியன் காலண்டர் வருஷத்துக்குச் சுமார் 11 நிமிஷம் கூடுதல். 1582-ல் போப் கிரகோரி பத்து நாளை வெட்டினார். பிரிட்டன் பிடிவாதமாக 1752 வரை இழுத்து, பதினொரு நாளை வெட்டியது. இங்கே வரி வருஷம் ஏன் ஏப்ரல் 6-ல் ஆரம்பிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பழைய கணக்கு வருஷம் தொடங்கிய மார்ச் 25, அந்தப் பதினொரு நாளைச் சேர்த்து ஏப்ரல் 5 ஆனது, 1800-ல் இன்னொரு நாள் கூடி ஏப்ரல் 6 ஆனது. அரசாங்கம் பதினொரு நாள் வரியை விட்டுக்கொடுக்கவில்லை :-)

நம் ஊரிலும் திருத்தப் பார்த்தார்கள். மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் காலண்டர் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் பேரில் 1957 மார்ச் 22 முதல் இந்திய தேசிய நாள்காட்டி வந்தது. அதில் புத்தாண்டு, சமநாளுக்கு மறுநாளை ஒட்டி. அரசிதழில் அந்தத் தேதி இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் இல்லை. அதற்கும் முன்னால், 1431-ல், கேரளத்து வடசேரி பரமேஸ்வரன் பல வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பழைய கணக்கைத் திருத்தி 'திருக்கணிதம்' எழுதினார். திருவனந்தபுரத்திலேயே 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா வானிலையமும் வானாய்வுமாக ஒரு அப்சர்வேட்டரி தொடங்கி, ஜான் கால்டிகாட்டை அதற்குத் தலைவராக வைத்தார். பார்த்து, அளந்து, தப்பிருந்தால் திருத்துவது நம் ஆட்களுக்கும் பழக்கமான வேலைதான். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

பொங்கலை டிசம்பருக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. சிட்னி, மெல்போர்ன் சொந்தங்கள் உச்சக் கோடையில், பகல் குறைய ஆரம்பித்த பிறகு பானை வைக்கிறார்கள், அது பொங்காமலா போகிறது? இரண்டு லெட்ஜர், இரண்டு பாலன்ஸ். எந்த லெட்ஜரில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்தால் போதும். பாட்டியுடையது நட்சத்திர லெட்ஜர், பள்ளிக்கூடத்தினுடையது பருவ லெட்ஜர். என் மகளுக்கு இதைத்தான் சொன்னேன். "அப்போ பாட்டியும் கரெக்ட்டா?" என்றாள். "பாட்டி எதை எண்ணறாங்களோ, அதுல கரெக்ட்" என்றேன்.

அடுத்த சமநாளுக்கு ஊருக்குப் போக முடியாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். தோட்டத்தில் வெயில் படும் சமதரையில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள் குழந்தையிடம். மற்ற நாட்களில் கற்கள் வளைந்து வரும். அன்றைக்கு மட்டும் நேர்கோடாக வரும், நேர் கிழக்கு-மேற்காக. லண்டனோ டொரண்டோவோ சிட்னியோ, வித்தியாசமில்லை. சாலைக்கு மேற்கே நிற்கும் கோபுரமும் அதே கோட்டின் திசையில்தான் நிற்கிறது.