பூண்டிக்கு 4 வருஷம், கிருஷ்ணாவுக்கு 13 வருஷம்

போன வாரம் வகுப்பில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடம். போர்டில் ஒரு முக்கோணம் போட்டார்கள். ஒரு மூலையில் காசு, இன்னொன்றில் காலம், மூன்றாவதில் வேலையின் அளவு. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கோணிக்கொள்ளும். உதாரணத்துக்கு வழக்கம்போல சிட்னி ஓபரா ஹவுஸ்: 10 வருஷம் தாமதம், செலவு 14 மடங்கு.

சிட்னிக்குப் போக என்னிடம் விசா இல்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு சீசன் டிக்கெட்தான் இருக்கிறது. அதனால் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தேடிப் பார்த்தேன். ஒன்று இல்லை, மூன்று கிடைத்தது. மூன்றுமே சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டியவை.

முதலாவது பூண்டி. 1939ல் தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். அன்றைக்கு நகரம் நம்பியிருந்தது புழல், சோழவரம் ஏரிகளைத்தான். மழை பொய்த்தால் ஊருக்கே தாகம். மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்றில் வரும் வெள்ளமோ எண்ணூர் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருவள்ளூர் பக்கத்தில் மறித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. இரும்பு, சிமெண்ட், லாரி எல்லாவற்றுக்கும் ராணுவம்தான் முதல் வாடிக்கையாளர். அந்த நேரத்தில் ஒரு காங்கிரஸ்காரர் வெள்ளைக்கார அரசிடம் போய் அணை கேட்கிறார்!

1940ல் வேலை ஆரம்பித்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே பாதி காலியானது. அரசு அலுவலகங்களைக்கூட வெளியூருக்கு மாற்றினார்கள். அப்படியும் 1944ல் அணை முடிந்துவிட்டது. செலவு 65 லட்சம் ரூபாய், கொள்ளளவு 2573 மில்லியன் கன அடி. இத்தனைக்கும் நடுவில் 4 வருஷம்தான்.

எப்படி முடிந்தது? எனக்குத் தோன்றும் முக்கியமான காரணம், அவர்கள் செய்யாமல் விட்ட வேலை. பூண்டியிலிருந்து நகரத்துக்குப் புதிதாக நீண்ட கால்வாய் எதுவும் வெட்டவில்லை. தண்ணீரை மறுபடி ஆற்றிலேயே திறந்து விட்டார்கள். கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு ஏற்கெனவே இருந்தது. அங்கே தண்ணீர் திரும்பி, பழைய வரத்துக்கால்வாய் வழியே சோழவரம், புழல் ஏரிகளுக்குப் போய்விடும். வழியில் மணல் நிறைய குடித்துவிடும்தான். ஆனால் போர்க்காலத்தில் கையில் இருந்த காசுக்கு அது போதும். பூண்டியிலிருந்து சோழவரத்துக்குத் தனிக் கால்வாய் வந்தது 1972ல்தான். இன்றைய பாஷையில் சொன்னால், அதை 'ஃபேஸ் 2'க்குத் தள்ளிவிட்டார்கள்.

சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. 1943 மார்ச் 28ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். அணை திறக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இன்றைக்கு அந்த நீர்த்தேக்கத்தின் பெயர் சத்தியமூர்த்தி சாகர்.

அடுத்தது கிருஷ்ணா நீர். இது வேறு கதை. பூண்டியில் காசும் நேரமும்தான் பிரச்னை, வேலை என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இங்கே வேலையே நடுவில் மாறிப்போனது.

1976ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. என்று 15 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீரைச் சென்னைக் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. வழியில் வீணாவது போக எல்லையில் 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். அதாவது அன்றைக்குத் திட்டம் வெறும் குடிநீர்க் கால்வாய்.

1983ல் என்.டி.ராமாராவ் ஆந்திர முதல்வர் ஆனார். கால்வாய் போகிற வழி ராயலசீமா, மழையே பார்க்காத பூமி. தன் வயல் காய்ந்து கிடக்க, பக்கத்து மாநிலத் தலைநகருக்குத் தண்ணீர் ஓடுவதை எந்த விவசாயி கரையில் நின்று வேடிக்கை பார்ப்பான்? அதனால் ஆந்திராவில் 5.75 லட்சம் ஏக்கர் பாசனமும் திட்டத்தில் சேர்ந்தது. பெயரும் தெலுங்கு கங்கை ஆனது. என்.டி.ஆர். செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். பாசனம் இல்லாமல் அந்தக் கால்வாயை அந்த ஊர்கள் வழியாகக் கொண்டு வந்திருக்கவே முடியாது. ஆனால் விளைவு? குடிநீர்க் கால்வாயாக இருந்தது வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு என்று நீர்த்தேக்கங்களின் சங்கிலியாக வளர்ந்தது. ஸ்ரீசைலத்திலிருந்து பூண்டி வரை 400 கிலோமீட்டருக்கு மேல்.

அதே 1983ல் என்.டி.ஆரும் எம்.ஜி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள், இந்திரா காந்தி வந்து தொடங்கி வைத்தார். ஊத்துக்கோட்டை பக்கம் எல்லையில் இருக்கும் ஜீரோ பாயிண்டுக்குத் தண்ணீர் வந்தது 1996ல். இடையில் எம்.ஜி.ஆர். மறைந்தார், இந்திரா மறைந்தார், தண்ணீர் வந்த வருஷத்தின் ஜனவரியில் என்.டி.ஆரும் மறைந்தார். கையெழுத்து போட்டவர்கள் யாருமே இல்லை. தண்ணீரை வாங்கிக்கொள்ள பூண்டியின் கொள்ளளவையும் 3231 மில்லியன் கன அடியாக உயர்த்தினார்கள்.

அப்புறமாவது நிம்மதியா? இல்லை. கண்டலேறிலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர். பல இடங்களில் மண் கரை, உடைப்பு, கசிவு. விட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. கடைசியில் 2002ல் புட்டபர்த்தி சத்ய சாய்பாபா தன் அறக்கட்டளை மூலம் கால்வாயைச் சீர் செய்து தருவதாக அறிவித்தார். 2004ல் அந்த வேலை முடிந்தது. இரண்டு மாநில அரசுகள் கட்டிய கால்வாயை ஒரு ஆன்மிக அறக்கட்டளை வந்து பூசிக் கொடுத்தது என்பதை எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் போடுவார்களோ!

மூன்றாவது எங்கள் கும்மிடிப்பூண்டி பக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஊர் ஏரிகளை இணைத்து ஒரே நீர்த்தேக்கமாக்கும் திட்டம். 2013ல் வேலை தொடங்கியபோது மதிப்பு 330 கோடி. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. வருஷத்துக்கு இரண்டு தடவை நிரப்பினால் 1 டி.எம்.சி. என்று கணக்கு. 2020 நவம்பர் 21ல் திறந்தபோது செலவு 380 கோடி. தாமதத்துக்குப் பெரிய காரணம் நிலம். சுமார் 1500 ஏக்கர் வேண்டியிருந்தது. விவசாயிகள் கூடுதல் இழப்பீடு கேட்டார்கள், வழக்கு போட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். பூண்டியையும் தேர்வாயையும் பக்கத்தில் வைத்து "பார், அந்தக் காலத்தில் போர் நேரத்திலேயே 4 வருஷம், இப்போது 7 வருஷம்" என்று சொல்வது ரொம்ப சுலபம். நானும் முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 1940ல் பூண்டியில் நிலம் மூழ்கியவர்கள் என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று யாராவது பேசுகிறோமா? நாம் திறமை என்று மெச்சும் வேகத்தில் கொஞ்சம், எதிர்த்துக் கேட்க முடியாதவர்கள் கணக்கில் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். இதே தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு மேய்ச்சல் நிலம் போனபோதும் ஊர்க்காரர்கள் போராடினார்கள். ஒரே ஊர், தொழிற்சாலைக்கும் நிலம் கொடுத்தது, சென்னையின் தாகத்துக்கும் கொடுத்தது. அந்த 7 வருஷத்தை முழுக்க வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயம். தேர்வாய் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வருவது அதே கண்டலேறு - பூண்டி கால்வாயிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில்தான். அதனால் ஆந்திராவில் மதகு திறந்தார்கள் என்றால் பூண்டியும் தேர்வாயும் சேர்ந்தே காத்திருக்கும். ஜீரோ பாயிண்டில் வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று நம் ஊழியர்கள் அளந்து குறித்துக்கொள்வார்கள். மறுநாள் பேப்பரில் வரும் அந்த எண்ணைத்தான் இப்போது நான் முதலில் தேடுகிறேன்.